மேடை வாள்சண்டை: வன்னியில் முதல் வகுப்புக்கு வர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியா என்று பல பக்கங்களிலிருந்தும் எங்கள் தொடக்க வகுப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். கூத்துக்காரர் கேட்கிறார்கள், நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஆசிரியர்கள் கேட்கிறார்கள், பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கும் அம்மாமார் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே ஆறுதலாகப் பதில் எழுதியிருக்கிறோம்.

இந்த வகுப்பில் உண்மையான வாள்வீச்சைப் படிப்பிப்பீர்களா?

இல்லை. இது நடிப்பு வகுப்பு. ஒருவரை வெட்டுவது எப்படி என்று இங்கே யாரும் பழக்குவதில்லை. வெட்டாமல், பார்ப்பவருக்கு நெஞ்சு திக்கென்று ஆகும்படி செய்வது எப்படி என்பதைத்தான் பழக்குகிறோம்.

வாள்வீச்சுப் போட்டியில் எதிரில் நிற்பவருக்கு உங்கள் அடுத்த அசைவு தெரியக்கூடாது. மேடையில் அது முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். முதல் வெட்டு எங்கே, இரண்டாவது எங்கே, யார் எந்தக் காலைப் பின்னால் வைப்பது, எந்த இடத்தில் வசனம் என்று எல்லாமே முன்கூட்டியே முடிவாகி, மனப்பாடமாகி இருக்கும். மேடையில் புதிதாக எதையும் சேர்க்கக்கூடாது. நல்ல நடிகருக்குச் சில நேரம் இது கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் வசனத்தில் கொஞ்சம் மாற்றிப் பேசிப் பழகியவர் அவர். வாளில் அந்தச் சுதந்திரம் கிடையாது.

முதல் நாள் என்ன நடக்கும்? வந்தவுடன் வாள் தருவீர்களா?

உடனே தரமாட்டோம். முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும். தோள், மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் நான்கையும் நன்றாகச் சுழற்றி எழுப்புவோம். பிறகு வெறுங்கையோடு நடை. தோளளவு கால் அகற்றி, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, பாரத்தை நடுவில் வைத்து நிற்பது, இதுதான் தயார்நிலை. அப்படி நின்றபடியே முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி, பக்கவாட்டில் ஒரு அடி. தலை மேலும் கீழும் துள்ளாமல் போய்வர வேண்டும். பார்க்கச் சின்ன விஷயம்தான், ஆனால் கால் மணித்தியாலம் செய்தால் தொடை சொல்லும்.

அதற்குப் பிறகு சோடி பிரிப்போம். சோடியாக நின்று முதலில் பழகுவது கண். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து, இருவரும் தயார் என்று உறுதியான பிறகுதான் எதுவும் தொடங்கும். சண்டைக்கு நடுவிலும் ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் இந்தக் கண் பேச்சு இருக்க வேண்டும். கண்ணைக் காணவில்லை என்றால் வாளை உயர்த்தக் கூடாது.

அடுத்தது தூரம். வாளைப் பிடித்த கையை முழுவதும் நீட்டினால், நுனி உங்கள் சோடியின் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். இந்த ஒரு சாண் இடைவெளிதான் இந்தக் கலையின் உயிர் என்று நான் நினைக்கிறேன். கை சறுக்கினாலும், எண்ணிக்கை தவறினாலும், சோடி தடுக்க மறந்தாலும் அந்த இடைவெளி காப்பாற்றும். பார்வையாளர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது.

வகுப்பின் பிற்பாதியில்தான் பிரம்பு கைக்கு வரும். ஐந்து இடங்களுக்கு ஐந்து தடுப்பு. ஒன்று இடது இடுப்பு, இரண்டு வலது இடுப்பு, மூன்று வலது தோள், நான்கு இடது தோள், ஐந்து தலை. ஒன்றிலும் இரண்டிலும் வாள்நுனி நிலத்தைப் பார்க்கும், மூன்றிலும் நான்கிலும் வானத்தைப் பார்க்கும், ஐந்தில் வாள் தலைக்கு மேலே கொஞ்சம் முன்தள்ளிப் படுத்திருக்கும். ஆசிரியருக்கு ஆசிரியர் இந்த எண்கள் மாறலாம். ஆகவே வேறு இடத்தில் பழகிவிட்டு வருபவர் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எண் குழம்பினால் விரல் அடிபடும்.

அடிபடுமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

விரல் மொளியில் ஒரு தட்டு, முன்கையில் ஒரு கன்றல், அடுத்த நாள் தோள்மூட்டு நோ. தொடக்கத்தில் இவை வரலாம். அதற்கு மேலே போகாமல் இருக்கத்தான் இத்தனை விதிகள்.

சண்டையைப் பார்ப்பவர் வெட்டுகிறவர்தான் அதை நடத்துகிறார் என்று நினைப்பார். உண்மையில் நடத்துவது வெட்டு வாங்குகிறவர். வெட்டப்போகிறவர் வாளைப் பின்னால் இழுத்து, எங்கே வரப்போகிறது என்று உடம்பாலேயே காட்டுவார். அதைக் கண்டதும் தடுப்பவர் தன் வாளை அந்த இடத்துக்குக் கொண்டுபோவார். தடுப்பு போய் நிற்கத் தொடங்கிய பிறகுதான் வெட்டு வந்து சேரும். காட்டுவது, தடுப்பது, வெட்டுவது, இதுதான் ஒழுங்கு. தடுப்பவர் அசையவில்லையா, வெட்டு அந்த இடத்திலேயே நிற்கும். விழுவதும் இப்படித்தான். தள்ளுகிறவர் கையை வைப்பார், விழுகிறவர் தன் விருப்பத்தில், தான் பழகிய விதத்தில் விழுவார். இந்த ஒழுங்கை மாற்றி, தன் வேகத்துக்கு மற்றவரை இழுக்கும் ஆளை நாங்கள் வகுப்பிலே உட்காரவைப்போம். எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சரி.

இன்னும் இரண்டு விதி. முகத்தை நோக்கி நுனி ஒருபோதும் போகாது. தலைக்கு வரும் வெட்டும் தலைக்கு மேலே, வெளியே உள்ள ஒரு புள்ளிக்குத்தான் வரும். இரண்டாவது, வெட்டின் பலம் சோடியின் உடம்புக்குள் போகாமல் வாள் தடுப்பைத் தொட்டதும் முடிந்துவிட வேண்டும். ‘டங்’ என்ற சத்தம் போதும். பலத்தைக் காட்டுவது முகமும் மூச்சும்.

யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் “நிப்பாட்டு” என்று சொல்லலாம். சொன்னால் மண்டபம் முழுக்க நிற்கும். ஏன் சொன்னாய் என்று கேட்டு யாரையும் வெட்கப்படுத்துவதில்லை.

வாள் எதால் செய்தது? என்னிடம் ஒரு வாள் இருக்கிறது, கொண்டு வரலாமா?

கொண்டு வராதீர்கள். இதை நாங்கள் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இரண்டு.

ஒன்று றோட்டு. வடக்கில் வாள்வெட்டுச் செய்திகள் எத்தனை வந்திருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். பஸ்ஸிலோ மோட்டார் சைக்கிளிலோ ஒரு இளைஞர் இரும்பு வாளோடு போனால், அது நாடகத்துக்கு என்று ஏ9 வீதியில் நின்று விளங்கப்படுத்துவது நடக்காத காரியம். மழுங்கல் வாள், வெள்ளிப் பூச்சு அடித்த மர வாள் என்றாலும் தூரத்திலிருந்து பார்க்கிற பொலிஸ்காரருக்கு அது வாள்தான். அதனால் பயிற்சிப் பொருள் எல்லாம் பூட்டிய பெட்டியில் மண்டபத்திலேயே இருக்கும். வேறிடத்தில் நாடகம் போட வேண்டி வந்தால், பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, ஒரு பெரியவரின் பொறுப்பில், துணியால் சுற்றி வாகனத்தில் கொண்டுபோக வேண்டும். உங்கள் ஊரில் தனியாகக் குழு நடத்துகிறவர்களும் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பிள்ளைகளின் எதிர்காலம் இதில் இருக்கிறது.

இரண்டாவது காரணம் வாளின் கட்டமைப்பு. வெல்டிங் கடையில் தகட்டை வெட்டி, பிடியை ஒட்டவைத்துச் செய்கிற வாள் மேடையில் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் உதவும். இன்னொரு வாளோடு மோதினால், ஒட்டு விட்டு, அலகு பறந்து சனத்துக்குள் போகும். சுவரில் தொங்கவிட விற்கும் அலங்கார வாளும் அப்படியே. மோதும் வாள் என்றால் அலகு உடையாமல் ஒரே துண்டாகப் பிடிக்குள் முழுநீளமும் போக வேண்டும். விளிம்பு மழுக்கி, நுனி உருட்டி இருக்க வேண்டும். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின். அலுமினியம் பாரம் குறைவு, ஆனால் மோத மோத விளிம்பில் பிசிறு எழும்பும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் அரத்தால் தேய்க்காவிட்டால் அந்தப் பிசிறு கையைக் கிழிக்கும்.

தொடக்க வகுப்பில் இந்தத் தலையிடி எதுவும் இல்லை, நாங்கள் பாவிப்பது பிரம்பு. பழுதாகும்போது பிரம்பு நார் நாராகப் பிரிந்து, இனி என்னைப் பாவிக்காதே என்று முன்கூட்டியே காட்டும். காய்ந்த பலகை சிலாம்பாக உடையும். பிவிசி பைப்பும் நல்லதல்ல, எங்கள் வெயிலில் கிடந்து கிடந்து பொருபொருத்துவிட்டால் அடித்த இடத்தில் கூரான துண்டாகச் சிதறும். காட்டில் முதிரையோ பாலையோ வெட்டி வாள் செய்யலாமா என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் கேட்டார். அந்த மரங்களை அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. அதோடு வைரம் பாய்ந்த மரவாள் இரும்பைப் போலவே எலும்பை உடைக்கும்.

நான் கூத்து ஆடுகிறவன். எனக்கு ஏற்கெனவே வாளாட்டம் தெரியும். இது எனக்குத் தேவையா?

உங்களைப் போன்றவர் வந்தால் வகுப்பே எழும்பும். காலில் தாளம் உள்ளவருக்கு நடை படிப்பிக்கத் தேவையில்லை. சண்டையை நாங்களும் எண்ணிக்கையில்தான் அமைக்கிறோம். மத்தளக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் எண்ணவே வேண்டாம்.

ஆனால் இரண்டும் வேறு. கூத்தில் போர் ஆடப்படுவது. பார்ப்பவருக்கும் அது ஆட்டம் என்று தெரியும். மத்தளமும் சல்லாரியும் கோபத்தைச் சொல்லும், வாள் ஒரு அடையாளம். நாடக மேடையின் வாள்சண்டை, இது இப்போதுதான் நடக்கிறது, அடுத்து என்ன ஆகுமோ என்று நம்பவைக்க வேண்டியது. ஆகவே ஆட்டத்தின் அழகை ஒருபக்கம் வைத்துவிட்டு, மூச்சு வாங்குவது, தடுமாறுவது, பயப்படுவது, களைத்துப்போவது என்பவற்றைக் கொண்டுவர வேண்டும். முல்லைத்தீவுப் பக்கத்துக் கூத்து முறையான முல்லை மோடியில் ஆடி வளர்ந்த ஒருவர் அதையெல்லாம் மறக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. எதை எப்போது எடுப்பது என்று தெரிந்துகொண்டால், கையில் இரண்டு கலை.

கூத்து ஆடும் இடமான களரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு முறையில் ஒருவரைக் குத்திக் கொல்லும் காட்சிக்கு ஒரு வழி இருக்கிறது. சனம் இருக்கும் பக்கத்துக்கு மறுபக்கமாக, உடம்பை ஒட்டி வாளைச் செலுத்துவார்கள். முன்னால் இருப்பவருக்குக் குத்து உள்ளே போனது போலத் தெரியும். சனம் முன்பக்கம் மட்டும் இருக்கும் படச்சட்ட மேடைக்கு அது சரி. சுற்றிவரச் சனம் இருக்கும் வட்டக்களரியில் பாதிப்பேருக்கு வாள் அக்குளுக்குக் கீழே வெறுமனே போவது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். களரியில் செய்வதென்றால் குத்தை விட்டுவிட்டு, தூரம் வைத்த வெட்டும் விழுகிறவரின் நடிப்பும்தான் பொருந்தும். எல்லாப் பக்கத்திலிருந்தும் அது நிற்கும். கூத்து தெரிந்தவர்களோடு உட்கார்ந்து இப்படியான விஷயங்களை யோசிப்பதுதான் எங்களுக்கு இந்த வகுப்பிலேயே பிடித்த வேலை.

சிலம்படி பழகியவர்?

வாருங்கள். உங்கள் மணிக்கட்டு எங்களுக்கு வேண்டும். ஒரேயொரு பழக்கத்தைக் கழற்ற வேண்டும். சிலம்படியில் இலக்கில் படுவதுதான் வெற்றி, இங்கே படாமல் விடுவது. பழகிய கை அவசரத்தில் தன் பாட்டுக்கு இலக்கைத் தேடிப் போகும். அதனால் சிலம்படிக்காரரை முதல் சில வகுப்புகளில் மிக மெதுவாகச் செய்யவைப்போம். குறையாக நினைக்க வேண்டாம்.

இவ்வளவு போரைக் கண்ட மண்ணில் எதற்கு வாள்? பிள்ளைகளுக்கு இது நல்லதா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்வியும் கூட. 2009 மே வரை இங்கே நடந்ததைக் கடந்து வந்தவர்கள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

என் மனதில் உள்ளது இதுதான். வாள் இருக்கும் கதைகளை வன்னி விடப்போவதில்லை. கோயில் திருவிழாவில் கூத்து இருக்கும், தமிழ்த்தினப் போட்டியில் அரச நாடகம் இருக்கும், பிரித்தானியரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டார வன்னியன் கதை இருக்கும். எப்படியும் பிள்ளைகள் கையில் ஒரு வாளைக் கொடுத்து மேடையில் ஏற்றத்தான் போகிறோம். அப்படியென்றால், பக்கத்தில் நிற்பவரின் உடம்பைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தோடு ஏற்றுவோம். மற்றவர் தயாரா என்று கண்ணைப் பார்த்துக் கேட்காமல் கையை உயர்த்தக்கூடாது என்று ஒரு பெடியனுக்குப் பதினான்கு வயதில் பழக்கினால், அதை நான் நல்லது என்றே சொல்வேன்.

அதே நேரம் சில விஷயங்களில் நாங்கள் மிகக் கவனம். இரும்போடு இரும்பு மோதும் சத்தம், திடீர் அலறல், ஒருவர் நிலத்தில் விழுவது எல்லாம் சிலருக்குத் தாங்காது. ஆகவே என்ன செய்யப்போகிறோம் என்று முன்பே சொல்லிவிட்டுத்தான் தொடங்குவோம். வெளியே போய் மரத்தடியில் இருக்க வேண்டும் என்று தோன்றினால் யாரும் காரணம் கேட்காமல் போகலாம், திரும்பி வரலாம், வராமலும் விடலாம். சடலத்தை இழுத்துச் செல்லும் காட்சி, குழந்தை சாகும் காட்சி போன்றவற்றைத் தொடக்க வகுப்பில் எடுப்பதில்லை. சிவப்புச் சாயத்தில் இரத்தம் காட்டுவதையும் எடுப்பதில்லை. மேடையேற்றும்போது, சண்டைக் காட்சி வருகிறது என்று ஒலிபெருக்கியில் முன்கூட்டி அறிவிக்கச் சொல்லி எல்லாக் குழுக்களுக்கும் சொல்கிறோம். வெடி கொளுத்துவது வேண்டவே வேண்டாம்.

உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருக்கிறது. அல்லது செயற்கைக் கால். நான் சேரலாமா?

சேரலாம். ஆனால் வரும் முன் உங்கள் வைத்தியரிடம் ஒருமுறை கேளுங்கள். துண்டு எந்த இடத்தில் இருக்கிறது, விழுவதும் முறுகுவதும் அதைப் பாதிக்குமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். வகுப்பு தொடங்கும் முன் தனியாக எங்களிடம் சொல்லுங்கள், மற்றவர் முன்னால் சொல்லத் தேவையில்லை. அந்தப் பக்கமாக விழுவதும், அந்தப் பக்கத்துத் தோளில் பாரம் ஏற்றுவதும் இல்லாமல் உங்கள் பகுதியை அமைப்போம்.

செயற்கைக் கால் உள்ளவருக்குப் பின்வாங்கும் நடையும் திடீர்த் திருப்பமும்தான் சிரமம். ஆகவே அவரை நடுவில் நிறுத்தி, மற்றவர் சுற்றிவரும்படி சண்டையை அமைக்கலாம். அசையாமல் நின்று, வந்த வெட்டையெல்லாம் தடுத்து அனுப்பும் ஒருவர் மேடையில் எவ்வளவு கம்பீரமாகத் தெரிவார் என்று பாருங்கள். ஒரு கை மட்டும் உள்ளவருக்கு ஒற்றைக் கை வாள் இருக்கிறது. கேட்கும் திறன் குறைந்தவருக்கு இந்த வகுப்பு இன்னும் வசதி, ஏனென்றால் எல்லாம் கண்ணால் நடக்கிறது. “நிப்பாட்டு” என்பதற்கு மட்டும் ஒரு கைச்சைகையை முதலிலேயே பேசிவைப்போம்.

இருதய வருத்தம், வலிப்பு, கர்ப்ப காலம், அண்மையில் செய்த சத்திரசிகிச்சை என்றால் இப்போது வேண்டாம். பார்வையாளராக வாருங்கள்.

பெண் பிள்ளைகளும் வருகிறார்களா?

வருகிறார்கள். சோடி பிரிக்கும்போது யாரோடு நிற்க விருப்பம் என்று கேட்டுத்தான் பிரிப்போம். இந்தத் தொடக்க வகுப்பில் உடம்பைத் தொடும் அசைவே கிடையாது. இரண்டு பேருக்கும் நடுவில் வாளின் நீளம் இருக்கும். பயிற்சி இருட்ட முன் முடியும், தாயோ தகப்பனோ கூடவே இருந்து பார்க்கலாம். இடது கைக்காரரைக் கேட்பது போல, பெண் பிள்ளைகளால் வாளைத் தூக்க முடியுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்து நடக்கிறவருக்கு ஒரு கிலோ வாள் என்ன பாரம்? இடது கைக்காரரும் தாராளமாக வரலாம், தடுப்பு எண்கள் மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோலப் பக்கம் மாறும்.

என்ன உடுப்பு?

ரீசேட்டும் நீளக் காற்சட்டையும். சாரம் வேண்டாம், பாவாடை வேண்டாம், தொங்கும் சால்வை வேண்டாம். காலுக்கு வழுக்காத அடி உள்ள சப்பாத்து. செருப்போடு அனுமதி இல்லை. கூத்துக்காரர் வெறுங்காலில் ஆட விரும்புவார்கள், மணல் களரியில் சரி, கிரவல் முற்றத்திலும் சீமெந்து நிலத்திலும் வேண்டாம். மோதிரம், காப்பு, கைச்சங்கிலி, தொங்கட்டான் எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கண்ணாடி போடுகிறவர் பின்னால் ஒரு நாடாவால் கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறையக் கொண்டு வாருங்கள். வெயில் தாழ்ந்த பிறகு தொடங்கினாலும் வேர்த்துக் கொட்டும், ஈரக் கையில் பிரம்பு நழுவும், ஆகவே ஒரு சின்னத் துவாயும் தேவை.

எத்தனை வயதிலிருந்து?

பன்னிரண்டு. மேலே எல்லை இல்லை.

பண்டார வன்னியன் நாடகம் போடுகிறோம். வாள்சண்டையை எப்படி அமைக்கலாம்?

வன்னியில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நாடகப் பிரதிகளில் சண்டை வரும் இடத்தில் பெரும்பாலும் ‘இருவரும் போர் புரிகின்றனர்’ என்று ஒரு வரிதான் இருக்கும். ஷேக்ஸ்பியர் நாடகங்களிலும் இப்படித்தான், சண்டைக்குறிப்பு இரண்டு மூன்று சொல். மிச்சத்தை யார் நிரப்புவது? மேலைநாட்டு அரங்கில் அதற்கென்றே சண்டை அமைப்பாளர் என்று ஒருவர் இருப்பார். எங்கள் ஊர்களில் நெறியாளர்தான் அதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பல இடங்களில் “நீங்களே பார்த்து அடியுங்கோ” என்று நடிகரிடம் விட்டுவிடுகிறார்கள். அதைத்தான் நிறுத்த வேண்டும்.

முதலில் கதையை எடுங்கள். பண்டார வன்னியன் 1803-ல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து பிடித்தவர். அதே ஆண்டு ஒக்டோபர் 31-ல் பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் அவரைத் தோற்கடித்தான் என்று சொல்லும் கல் கற்சிலைமடுவில் நின்றது. ஒட்டுசுட்டான் பக்கம் போகிற எல்லோருக்கும் அந்த இடம் தெரியும். ஒரே ஆளின் வாழ்க்கையில் ஒரு வெற்றி, இரண்டு மூன்று மாதத்தில் ஒரு தோல்வி. அப்படியானால் இரண்டு சண்டையும் ஒரே மாதிரி இருக்கலாமா? கோட்டையைப் பிடிக்கும் சண்டையில் அவர் முன்னேறிக்கொண்டே இருக்க வேண்டும், வெட்டு அவரிடமிருந்து போக வேண்டும். கற்சிலைமடுவில் அவருடைய காலடி பின்னால் போக வேண்டும், தடுப்பு தாமதமாக வேண்டும், நின்று மூச்சுவிட்டு மீண்டும் எழ வேண்டும். வசனமே இல்லாமல் கதை விளங்கும்.

அசைவுகள் அதிகம் வேண்டாம். முதல்முறை செய்பவர்களுக்கு எட்டிலிருந்து பத்து அசைவு காணும். அரை நிமிடச் சண்டை மேடையில் நீண்ட நேரம். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி, பிரிந்து, சுற்றிவந்து, பார்த்து, பிறகு மோதவிடுங்கள். சனம் மூச்சைப் பிடிப்பது அந்த நிறுத்தத்தில்தான். பத்துப் பேர் இரண்டு பக்கமும் மோதும் போர்க்களக் காட்சி என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் வாள் வீசக் கூடாது. மூன்று சோடிக்கு மேல் ஒருதரம் மோதவிடாதீர்கள், மற்றவர்கள் ஈட்டியோடு பின்னால் அசையட்டும்.

திரைப்படத்தில் வருவதுபோல் சுழன்று பாய்ந்து இரண்டு கையிலும் வாள் சுற்றுவதைப் பிள்ளைகள் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். படத்தில் அது கமராவை நிறுத்தி நிறுத்தி எடுத்தது. உங்கள் மேடையில் திருத்தி எடுக்க வழியில்லை.

எவ்வளவு பழகினால் மேடை ஏறலாம்?

ஒரு வகுப்பு வந்துவிட்டு ஏறக்கூடாது. அமெரிக்காவில் 1977-ல் தொடங்கிய சண்டை அமைப்பாளர் சங்கம் ஒன்று, ஒரு ஆயுதத்தில் திறன் தேர்வுக்கு வர முன் 30 மணித்தியாலப் பயிற்சி கேட்கிறது. அது தொழில்முறை நடிகர்களுக்கு. ஊர் நாடகத்துக்கு அவ்வளவு இல்லாவிட்டாலும், அமைத்து முடித்த சண்டையை வாரத்தில் பல நாளாக, ஒரு மாதமாவது செய்திருக்க வேண்டும். மிக மெதுவாக, பிறகு அரை வேகத்தில், பிறகு முக்கால் வேகத்தில். அங்கேயே நிற்பாட்டுங்கள். மேடைக்கு முக்கால் வேகம்தான் சரியான வேகம். அதற்கு மேலே போனால் சனத்துக்கு என்ன நடந்தது என்றே விளங்காது. காலபோக அறுவடைக் காலத்தில் ஆட்கள் வரமாட்டார்கள், மாரியில் சீமெந்து நிலம் ஈரம். இதையெல்லாம் பார்த்து நாளை வகுத்துக்கொள்ளுங்கள்.

நாடகம் நடக்கும் நாளில் கவனிக்க வேண்டியது?

திரை திறக்க முன், அதே மேடையில், அதே உடுப்பில், அதே வாளோடு, சண்டையை ஒருமுறை மெதுவாகச் செய்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால். நூறாவது தடவை போடுகிற நாடகமாக இருந்தாலும் அப்படித்தான். பலகை ஆடுகிறதா, குற்றியின் மேல் போட்ட மேடை ஒருபக்கம் சரிகிறதா, விளக்கு நேரே கண்ணில் அடிக்கிறதா, முடியும் மேலங்கியும் கையைத் தடுக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றிப் பூச்சி மொய்த்து மேடையெல்லாம் விழுந்து கிடக்கும். அதை மிதித்தால் வழுக்கும், கூட்டிவிடுங்கள்.

வாள்களை ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். எண்ணி எடுத்து, எண்ணித் திருப்பி வைக்க வேண்டும். 1896-ல் லண்டனில் ஒரு நாடகத்தில் உண்மையான கூர்க்கத்தியைப் பாவித்ததால், நடிகர் ஒருவர் மேடையிலேயே குத்துப்பட்டு இறந்தார். இன்றைக்கும் எங்கள் கொட்டகைகளில் தேங்காய் வெட்டும் கத்தியும் நாடகக் கத்தியும் ஒரே மேசையில் கிடப்பதைக் காணலாம். அது கூடாது.

விடியும்வரை ஆடும் கூத்தென்றால் இன்னொன்று. போர்க் காட்சி சாமம் கடந்துதான் வரும். அந்த நேரத்தில் ஆடுகிறவர் நித்திரை முழித்து, தொண்டை கட்டி, களைத்திருப்பார். அந்த இடத்துச் சண்டையை மற்றவற்றைவிட எளிமையாக அமையுங்கள். குடித்தவர் கையில் வாள் இல்லை. அவர் யாருடைய மாமனாக இருந்தாலும் சரி, பாத்திரத்தை வேறு ஒருவருக்குக் கொடுங்கள்.

காணொளி பார்த்து வீட்டிலேயே பழக முடியாதா?

நடையைப் பழகலாம். சோடியோடு வாளை மோதுவதை ஆசிரியர் இல்லாமல் தொடங்காதீர்கள். தூரம் பிழைத்திருப்பதைச் செய்கிற இருவராலும் காண முடியாது, பக்கத்தில் நிற்கும் மூன்றாவது ஆள்தான் காண்பார்.

முதல் வகுப்புக்குப் பிறகு வீட்டில் எதைப் பழகுவது?

முற்றத்தில் ஒரு கோடு கீறி, அதன் மேல் முன்னும் பின்னும் தயார்நிலை நடை. ஐந்து தடுப்புகளையும் வெறுங்கையால், எண்ணைச் சொல்லிச் சொல்லி. வீட்டில் யாரையாவது ஒழுங்கில்லாமல் எண் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் அந்தத் தடுப்பை எடுங்கள். தங்கச்சிமார் இதற்கு நல்ல ஆட்கள், விடமாட்டார்கள். தோள் நொந்தால் நிறுத்துங்கள். அடுத்த வகுப்பில் நாங்கள் முதலில் பார்ப்பது நான்கிலிருந்து ஒன்றுக்கு உங்கள் கை எப்படி இறங்குகிறது என்பதைத்தான்.